அந்த ஒரு விசயத்தைத் தவிர

எங்கள் வாசகர் வட்டத்தின் துணைவிதி பதினொன்று சொல்வது இது: "கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுதி வாசித்த கருத்துரை, அவரே எழுத்து மூலம் திரும்பப் பெற்றாலன்றி, ஆண்டு மலரில் அவர் பெயருடன் முழுமையாக வெளியிடப்படும்." இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. எழுதியவள் நான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவளிடம், வட்டம் தொடங்குகிறவர்கள் பாட்டா பாடச் சொல்வார்கள்? துணைவிதி எழுதச் சொன்னார்கள். பால் சங்கத்திலும் நெசவாளர் சங்கத்திலும் ஒரு விதியை எந்தச் சந்து வழியாக வெளியே தள்ளுவார்கள் என்று பணிக்காலம் முழுக்கப் பார்த்தவள் நான். அதனால் 'கூடியவரை', 'இயன்ற அளவு', 'குழுவின் விருப்பப்படி' போன்ற சொற்களை அதில் ஓரிடத்திலும் நுழைய விடவில்லை.

ஒன்று மட்டும் என் கணக்கில் வரவில்லை. பால் சங்கத்தில் விதியை மீறுகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு மீறுவார்கள். எங்கள் வட்டத்தில் இருப்பவர்கள் மரியாதையானவர்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, உக்கடத்தில் குளத்தைப் பார்த்த ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடுவோம். தலைவர் கல்லூரி முதல்வராக இருந்தவர். செயலாளர் வங்கி மேலாளராக இருந்தவர்; கடன் இல்லை என்று சொல்லவேண்டிய ஆளுக்கும் காப்பி வாங்கிக் கொடுத்துச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்ததாக இன்றும் பெருமையாகச் சொல்வார். அடுத்த மாதம் எந்தப் புத்தகம் என்பதை உறுப்பினர்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்போம். அந்த மாத முறை பொள்ளாச்சி அம்மணியுடையது. நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தொடும் வயது. பரம்பரையாகத் தோப்பும் களமும் உள்ள குடும்பம். தன் பங்கை அண்ணனிடமிருந்து பிரித்து வாங்கிக்கொண்டு தனியாகக் கொப்பரை வியாபாரம் செய்கிறார். பொள்ளாச்சி பஸ் உக்கடத்திலேயே வந்து நிற்பதால் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார்.

அவரோடு இன்னொருவரும் வருவார். அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே மாதிரித் தோப்புகளில் கூலிக்குத் தேங்காய் உரித்தவர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் வெகுகாலமாக இருக்கிறார்கள். இதற்கு வட்டத்தில் ஒரு சொல் வைத்திருந்தார்கள். துணைக்கு. "அவங்களுக்குத் துணைக்கு இவங்க இருக்காங்க."

நர்ஸ் உறுப்பினராகச் சேர்ந்த மாதத்திலிருந்து மாடியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் காணாமல் போய்ப் பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப்தான். அதில் வித்தியாசமே கிடையாது. காரணம் கேட்டேன்.

"கழுவறதுக்கு ஆளில்லீங்க மேடம்" என்றார் செயலாளர்.

"இத்தனை நாளா யாருங்க கழுவுனாங்க?"

அதற்கு இன்னொரு கப் காப்பி கொடுத்தார்.

பொள்ளாச்சி அம்மணி தேர்ந்தெடுத்தது, ஒரு கறுப்பினப் பெண்ணின் கட்டுரைகள் தமிழில் வந்த தொகுப்பு. பின்னட்டையில் அவரைப் பற்றி மூன்று சொற்கள் இருந்தன: கறுப்பினத்தவர், பெண்ணியவாதி, லெஸ்பியன். செயலாளர் வாட்ஸப்பில் அனுப்பிய அழைப்பில் முதல் சொல் அப்படியே வந்தது. இரண்டாவது 'மகளிர் முன்னேற்றச் சிந்தனையாளர்' ஆகியிருந்தது. மூன்றாவதைக் காணவில்லை. கேட்டதற்கு "இடம் பத்தலீங்க" என்றார். வாட்ஸப்பில்.

புத்தகத்தைப் பற்றி என் கருத்து அன்றே வாசித்ததுதான். அந்த அம்மாள் தன் இனத்து ஆண்களோடும் தன் இயக்கத்துப் பெண்களோடும் ஒரே மூச்சில் சண்டை போடுகிறார். இதை விட்டுவிட்டு வா, அதை மறைத்துக்கொண்டு வா என்று யார் சொன்னாலும் முழுசாகத்தான் வருவேன் என்கிறார். 'பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்று முடியும் கோப்புகளை எழுதியே ஓய்வு பெற்றவள் நான். ஓரிடத்திலும் பணியாத எழுத்தைப் படித்ததும் முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பொறாமை வந்தது.

தலைவர் தனக்கு உரிய நேரத்தைத் தாண்டி அமெரிக்காவைக் கண்டித்தார். கறுப்பினத்தவருக்குத் தனித் தண்ணீர்க் குழாய் வைத்திருந்த கொடுமையைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கையில் பேப்பர் கப் இருந்தது.

அடுத்து, பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த ஒருவர் எழுந்தார். "அந்த ஒரு விசயத்தைத் தவிரப் பாத்தீங்கன்னா, அருமையான எழுத்துங்க." அந்த ஒரு விஷயம் வரும் பக்கங்கள் தன் பிரதியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் பிரிக்க முயலவில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு வந்தவர்களுக்குப் பாதை எளிதாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்தைத் தவிர மொழிபெயர்ப்பு நன்று, அந்த ஒரு விஷயத்தைத் தவிர இளைஞர்கள் படிக்க வேண்டியது என்று வரிசையாக வாசித்து உட்கார்ந்தார்கள். அது என்ன விஷயம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

சாயிபாபா காலனியிலிருந்து வரும் ஒரு குடும்பத் தலைவி மட்டும் வேறு மாதிரி பேசினார். பேரன் பேத்தி எடுத்தவர், கூட்டத்துக்குத் தவறாமல் ஏதாவது செய்து எடுத்து வருகிறவர். "இந்தம்மாவுக்கு வர்ற கோபத்தைப் பாத்தா எனக்கு ஆசையா இருக்குதுங்க. எனக்கும் இருந்துச்சு. கல்யாணத்தப்ப எங்கியோ வெச்சேன், எங்கன்னுதான் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கடைசியாகப் பொள்ளாச்சி அம்மணி எழுந்தார். தாளைப் பிரிப்பதற்கு முன் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"ஆளாளுக்கு அந்த ஒரு விசயம், அந்த ஒரு விசயம்னீங்க. அது நாந்தானுங்க."

பிறகு வாசித்தார். 'இதோ உட்கார்ந்திருப்பவர் எனக்குத் துணைக்கு இருப்பவர் அல்லர். நாங்கள் இருவரும் ஒரு குடும்பம்' என்று தொடங்கி, நர்ஸின் பெயரையும் சொன்னார். முதன்முதலில் நர்ஸ் தங்கள் வீட்டுக்கு வந்தபோது தன் அம்மா பின்கட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்ததையும், அன்று முதல் தானும் அதே டம்ளரில்தான் குடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததையும் எழுதியிருந்தார். 'இந்த எழுத்தாளரைத் தள்ளிவைக்க உலகத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. எங்களைத் தள்ளிவைக்கவும் இரண்டு இருந்தன. என் அம்மா சாதியைக் காட்டிக் கதவை அடைத்தார். எங்களை வெறும் தோழிகள் என்றே நினைத்ததால் இன்னொரு காரணம் அவருக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் நாங்கள் சேர்ந்து வாழ முடிந்தது' என்று முடித்தார்.

செயலாளர்தான் முதலில் சுதாரித்தார். "ரொம்ப நல்லாப் படிச்சீங்க அம்மணி. என்னா கொரலுங்க!"

ஒருவரும் ஒரு தப்பான வார்த்தை சொல்லவில்லை. சாயிபாபா காலனி அம்மா கொண்டுவந்திருந்த அரிசிம்பருப்பு சாதத்தைச் சாப்பிட்டோம். நர்ஸுக்கு யாரோ கூட ஒரு கரண்டி நெய் விட்டார்கள். நான்கூட, பரவாயில்லையே நம் ஊர் என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஆண்டு விழாவில் மலர் கையில் வந்தது. அன்று வாசித்த எல்லோருடைய கருத்துரையும் இருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்த கதையும் இருந்தது. பொள்ளாச்சி அம்மணியுடையது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் விளம்பரம்.

நர்ஸ் மலரை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். "அக்கா, நம்முளுது காணோமுங்க" என்று பொள்ளாச்சி அம்மணி என்னிடம் வந்தார். மூன்று பேரும் செயலாளரிடம் போனோம்.

"அய்யய்யோ, விட்டுப்போச்சுங்களா?" என்றார். "அதுக்கென்னங்க, அடுத்த மலர்ல போட்டுறலாமுங்க."

"விதி பதினொன்று" என்றேன்.

"விதிப்படிதானுங்க மேடம். எல்லாமே விதிப்படிதான்." குரலைத் தாழ்த்தினார். "அம்மணியோட அண்ணன் வருசா வருசம் முழுப்பக்க விளம்பரம் குடுக்கறாருங்க. பொள்ளாச்சிக் கொப்பரை மார்க்கெட் பூராம் இந்த மலர் போகுது. அவருக்கு ஒரு சங்கடம் வரக் கூடாதில்லீங்களா? உங்க நல்லதுக்குத்தானுங்க. வேணும்னா 'ஒரு வாசகி'ன்னு போட்டுக்கலாங்க. அந்த மொத வரியையும் பேரையும் மட்டும் எடுத்துப்போட்டா..."

அதுவரை வட்டத்தில் நர்ஸ் வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"ஏனுங்க சார், எங்க ஆஸ்பத்திரில பேரில்லாம இருக்கறது யாருன்னு தெரியுமுங்களா?"

"யாருங்க?"

"பொணவறையில கெடக்கற அனாதைப் பொணமுங்க."

செயலாளர் எங்கள் மூவருக்கும் பாதாம் பால் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்து குளத்தங்கரையில் நின்றோம். இதை விட்டுவிடுவதா, தொடர்வதா என்று அவர்களிடம் கேட்டேன். பெயர் அவர்களுடையது, அண்ணனும் அவர்களுடையவர். பொள்ளாச்சி அம்மணி நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சொன்னார்: "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, நீங்க யாருன்னு கேட்டு இவங்களை வார்டு வாசல்லயே நிறுத்திப்போடுவாங்க. நானே அப்படி எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கறேன். மலர்ல போட்டுட்டா மட்டும் உள்ள விட்டுருவாங்களான்னு கேக்காதீங்க. விடமாட்டாங்க. ஆனா நாங்க என்னன்னு எங்கியோ ஒரு எடத்துல அச்சுல இருக்கோணுமுங்க. எங்க பேரோட."

அது போதும். மறுநாள் மனு எழுதினேன். பணிந்து என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. விடுபட்ட கருத்துரையைத் தனி இணைப்பாக அச்சிட்டு, மலர் போன இடத்துக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தேன். உறுப்பினரின் மனுவுக்குச் செயலாளர் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்பது விதி. பதில் வரவில்லை. போன் செய்தால் உடனே எடுப்பார்.

"ஆடி மாசமுங்க மேடம். ஆவணி பொறந்ததும் பாத்துறலாமுங்க."

ஆவணி பிறந்தது. தலைவருக்குக் கண் ஆபரேஷன். பிறகு அச்சகத்தில் ஆள் இல்லை. மறுப்பு ஆணை கிடைத்தால் பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். மறுப்பு இல்லாமல் மேல்முறையீடு கிடையாது. அதையும் நான்தான் எழுதிவைத்திருந்தேன்.

"மறுத்து ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க" என்று கேட்டும் பார்த்தேன்.

அவர் பதறிப்போனார். "மறுக்கறதாவதுங்க! உங்களையா? என்ன மேடம் இப்படிச் சொல்லிப்போட்டீங்க!"

யாரும் மறுக்கவில்லை. நடக்கவும் இல்லை. இந்த ஊரில் பிறந்து இந்த ஊர்ச் சங்கங்களை ஆய்வு செய்து ஓய்வு பெற்ற எனக்கே இதை எந்த விதியின் கீழ் கொண்டுவருவது என்று தெரியவில்லை. மின் கட்டணம் கட்ட வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் கடன் கேட்ட உறவினரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். "ஊட்டுக்கே வந்து உக்காந்துட்டானுங்க. எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

வரிசையிலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். போனில் கேட்டால் 'பாக்கலாங்க' என்பார்கள். வீட்டுக்கே போய் உட்கார்ந்தால்?

முதலில் சாயிபாபா காலனி அம்மா. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் எங்கியாச்சும் போடோணுமுங்களா?" என்றார். அடுத்து கணபதியில் பொறியாளர் வீடு. அவர் தாளை வாங்கினார், கண்ணாடியைத் தேடினார், அதைப் போட்டுக்கொண்டும் படிக்காமல் வைத்திருந்தார்.

"மேடம், எனக்கு இதுல சம்மதம்னு இல்லீங்க. நீங்க இத்தன தூரம் வந்துட்டீங்க..."

"விதியில சம்மதம்னு இல்லீங்க. கையெழுத்துன்னுதான் இருக்குது."

உள்ளேயிருந்து காப்பியோடு வந்த அவர் மனைவி, டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அந்தப் பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு ஒட்டிக்கிச்சுன்னு நாடு பூராம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே. நான் பிரிச்சுப் படிச்சுப்போட்டேன். ஒண்ணும் கையில ஒட்டல. போடுங்க, மேடம் அடுத்த பஸ்ஸைப் புடிக்கோணுமில்ல?"

போட்டார். இப்படியே வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தட்டில் தேங்காய் ஒப்பிட்டு, ஒரு வீட்டில் சந்தகை. யாரும் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை, யாரும் கையெழுத்துப் போடாமலும் விடவில்லை. சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

பொள்ளாச்சி அம்மணிக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. "மரியாதைக்குப் போட்ட கையெழுத்தெல்லாம் ஒரு கணக்குங்களாக்கா?"

"உன்ற எழுத்தை எடுத்துப்போட்டதும் மரியாதைக்குத்தான் கண்ணு. அது மட்டும் கணக்கா?"

சிறப்புப் பொதுக்குழு அதே மாடியில் கூடியது. இதற்குள் பேச்சு பொள்ளாச்சி வரை போய்விட்டது. அண்ணன் விளம்பரத்தை நிறுத்திவிட்டார், தங்கையிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். "வெலை கேக்கற சாக்குல காலங்காத்தால போன் பண்ணித் திட்டறவருங்க. இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறேன்" என்று பொள்ளாச்சி அம்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பக்கத்தில் இருந்த நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். கை அங்கேயே இருந்தது.

தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்தார். "அச்சிடலாம்னு நினைக்கறவங்க கை தூக்கலாமுங்க."

நான் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினேன். அச்சிடுவது ஏற்கெனவே விதி. விதியை நிறைவேற்றத் தீர்மானம் தேவையில்லை. அச்சிடக் கூடாது என்றால்தான் தீர்மானம் வேண்டும். அதற்கு முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். இருவர் பெயரும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அடுத்த மலரில் அதுவும் வரும்.

"முன்மொழியறது யாருங்க?" என்று கேட்டேன்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். பொறியாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லி, அதற்குக் கீழே தன் பெயரையும் போடுவது இந்த ஊர்க்காரர்களால் ஆகிற காரியம் இல்லை. அதை நம்பித்தான் வந்திருந்தேன்.

"பேச ஆளில்லாம பாவமா இருக்குதுங்களே, நான் வேணா எதிர்த்துப் பேசட்டுங்களா?" என்றார் சாயிபாபா காலனி அம்மா. அப்புறம் தலைவர் பக்கம் திரும்பினார். "சார், அமெரிக்கான்னா அத்தன நேரம் பேசுனீங்க. இது பொள்ளாச்சிங்க. பக்கந்தான். ஒரு வரி பேசுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மருத்துவர் சொன்னது நினைவு வந்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப, ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். "அச்சிட்டிருக்க வேண்டும், அச்சிடவில்லை, இனி அச்சிடப்படும். இந்த மூணையும் எழுதுங்க."

சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதினார். அவருடைய கையெழுத்து மிக அழகாக இருக்கும். கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கும்போது அவர் பொள்ளாச்சி அம்மணியிடம், "பஸ்ஸு கெடைக்குமுங்களா, வண்டியில கொண்டுபோயி விடட்டுங்களா?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். இவர்களிடம் சிக்கலே அதுதான்.

நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைக்க நான் என்ன புதிதாகப் பணியில் சேர்ந்தவளா? அச்சகத்துக்கு நானே போனேன், மெய்ப்பை நானே திருத்தினேன். நர்ஸின் பெயரில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகும் தீபாவளி வந்தது, மழை வந்தது, செயலாளர் வீட்டில் ஒரு வளைகாப்பு வந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பந்தியில் விசாரிக்க வந்தவரைக் குனியச் சொல்லி, "எழுத்து மூலம் பதில் இன்னும் வரலீங்க" என்று அவர் காதில் சொன்னேன். எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார்.

கடைசியில் உறை வந்தது. உள்ளே இணைப்பின் பிரதியும் செயலாளரின் கடிதமும் இருந்தன. கருத்துரை பெயருடன் முழுமையாக அச்சிடப்பட்டு, மலர் சென்ற எல்லா முகவரிகளுக்கும் அனுப்பப்பட்டுவிட்டதாகவும், கவனக்குறைவால் விடுபட்டதற்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார். இணைப்பைப் படம் எடுத்துப் பொள்ளாச்சிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டார். மார்க்கெட்டில் ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு படிக்கிறார்களாம். அண்ணன் கடைக்கும் ஒன்று போயிருக்கிறதாம். "மொத வரிய இவங்க சத்தமாப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவ கேட்டுப்போட்டாங்க. மூணாவது தடவ நான் மாட்டேன்னுட்டேன். டூட்டிக்கு நேரமாச்சுங்கக்கா" என்றார்.

கடிதத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. அதை நீக்கக் கோரித் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றபடி பதில் ஒழுங்காக இருந்தது. உறையின் மூலையில் பெறப்பட்டது என்று எழுதித் தேதி போட்டேன்: டிசம்பர் நான்கு.